கோமதிக் கண்ணாடி

இரண்டாவது தடவையும் சிவப்புதான் எரிந்தது.

சந்தனமாரி நெற்றிப்பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். விரல்களில் மாட்டியிருந்த கவ்விகளை மிசின்காரர் கோதண்டம் ஒவ்வொன்றாக உருவினார். எதிரே கம்பெனி வக்கீல் திரவியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒரு தபாதான்மா," என்றார் கோதண்டம். சென்னைக்காரர். இந்த மிசினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் அவர் பிழைப்பு. "மூணாவது தபாவும் செவப்புன்னா கோர்ட்டுக்குத்தான் போவும். நான் இன்னா பண்றது? மிசினுக்கு லஞ்சம் குடுக்கவா முடியும்?"

முடியாது. அதனால்தான் அந்த மிசினுக்கு அவ்வளவு மதிப்பு. யார் குரலையும் யார் முகத்தையும் கம்ப்யூட்டரில் உருட்டித் திரட்டி, சொல்லாததைச் சொன்னதாகக் காட்டலாம் என்று ஆனபிறகு நாட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. கடைசியில் சட்டமே வந்தது. ஊருக்குச் சொல்லும் சொல் எதுவானாலும் அகச்சான்று முத்திரை வேண்டும். பேசுகிற ஆள் தான் பேசுவதைத் தானே நம்பினால் பச்சை. நம்பாமல் சொன்னால் சிவப்பு. உள்ளே இழுபறியாக இருந்தால் மஞ்சள். சனங்கள் அதற்கு நெஞ்சுமிசின் என்று பெயர் வைத்தார்கள். நெஞ்சுமிசின் சீல் இல்லாத பேச்சை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

கம்பெனிக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "கோமதி ஒளித்தகட்டில் எந்தக் குறையும் இல்லை, நான் பார்த்தது பொய்த்தோற்றம்." அதை மாரி சொல்ல வேண்டும், சொல்லும்போது நம்பவும் வேண்டும். அங்கேதான் சிக்கிக்கொண்டது.

ஒளித்தகடு என்பது கம்பெனி பேப்பரில் இருக்கும் பெயர். தூத்துக்குடிக்குத் தெற்கே அளத்தில் உப்பு வாருகிற சனங்களுக்கு அது கண்ணாடி. பூமியைச் சுற்றிவரும் பெரிய மெல்லிய கண்ணாடிகள், வரிசையாக. சூரியன் விழுந்தபிறகும் மேலே வெயில் இருக்குமல்லவா, அதைப் பிடித்துப் பாத்திகள்மேல் திருப்பிவிடும். ஒன்று வானத்தைக் கடந்து இறங்கினால் அடுத்தது ஏறும். பொழுது சாய்ந்தும் சாயாத ஒரு வெளிச்சம். தண்ணீர் சீக்கிரம் வற்றும், உப்பு சீக்கிரம் பூக்கும், ஆட்களும் கூடுதலாக ஒரு ஷிப்டு நிற்பார்கள். அந்த ஷிப்டுக்கு வராதவர்களுக்குப் பகல் வேலையும் கிடையாது.

அந்தக் கண்ணாடிகள் போகும் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தது மாரிதான். அளத்தில் கம்பெனி கட்டிவிட்ட லைன்வீட்டில் பிறந்து, உப்புத்தண்ணீரில் வெந்து விரிந்த பாதங்களோடு பள்ளிக்கூடம் போய், வானியலில் டாக்டர் பட்டம் வாங்கி, அதே அளத்துக்காரனிடமே வேலைக்கு வந்தவள். வரிசையில் கடைசியாக வருகிற, இருப்பதிலேயே பெரிய கண்ணாடிக்கு முதலாளியின் தாயார் பெயரை வைத்ததும் அவள்தான். கோமதி. இத்தாலியில் கலிலியோ, வியாழனைச் சுற்றிய நிலாக்களைக் கண்டுபிடித்ததும் தன்னை ஆதரிக்கக்கூடிய பிரபுக் குடும்பத்தின் பெயரைத்தான் அவற்றுக்குச் சூட்டினார். அரண்மனையில் வேலை கிடைத்தது. மாரி அதை வெட்கப்படாமல் காப்பியடித்தாள். அவளுக்கும் வேலை நிரந்தரமானது.

பிறகு அளத்தில் சனங்களுக்குக் கண் எரிய ஆரம்பித்தது.

உப்பின் வெள்ளை பட்டுக் கண் கெடுவது அளத்தில் புதிதல்ல. இது வேறு மாதிரி. வெல்டிங் தீயைப் பார்த்தவன் கண்போல, மணலை அள்ளிப் போட்டாற்போல, விடியும்போது இமை திறக்காது. கோமதி மேலே நிற்கும் ஷிப்டில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி. மாரி தன் சொந்தத் தொலைநோக்கியைக் கோமதிமேல் திருப்பினாள். கண்ணாடியின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கறை. சூரியனின் எரிகதிர்களைக் கழித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதற்காகப் பூசியிருந்த பூச்சு அங்கே உரிந்துபோயிருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கறை பெரிதாகிக்கொண்டு வந்தது.

கம்பெனியிடம் சொன்னாள். மேலேயிருந்து எடுத்ததென்று ஒரு படத்தை நீட்டிக் கறையே இல்லை என்றார்கள். படத்துக்கு முத்திரை எங்கே என்று கேட்டாள். வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் தொலைநோக்கியை அளத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். அதன் வழியே வருகிற பிம்பத்தை உப்பு அம்பாரத்தின் வெள்ளைச் சரிவில் விழச் செய்தாள். கலிலியோ சூரியனைக் காகிதத்தில் விழவைத்துப் பார்த்த அதே வழிதான். தட்டு அளவுக்குக் கோமதி அம்பாரத்தில் விழுந்தது, ஓரத்தில் கறையோடு. வாருபலகையைப் போட்டுவிட்டு மொத்த அளமும் கூடிவிட்டது.

"ஏட்டி, கண்ணாடியில பாருங்கட்டி கறைய!" என்று கத்தியது அவளுடைய அக்கா முத்துக்கனி.

மறுநாள் யாரும் கோமதி ஷிப்டுக்குப் போகவில்லை. பீதி கிளப்பும் பொய்ச்செய்தி என்று மாரிமேல் கேஸ். தீரும்வரை கம்பெனி விருந்தினர் மாளிகையில் காவல். தொலைநோக்கியைப் பறித்துக்கொண்டார்கள்.

*

வாசலில் காவல்காரன் இருந்தாலும் அக்காவை உள்ளே விட்டான். அவனுடைய சம்சாரமும் அளத்தில்தான் வேலை.

முத்துக்கனி தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். சோறும் காரப்பொடி மீன் குழம்பும். அவளுடைய இரண்டு இமைகளும் வீங்கி, நடுவில் ஒரு கோடு மட்டும் திறந்திருந்தது. முந்தானையின் நுனியை நனைத்து அடிக்கடி ஒற்றிக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாருக்கா?"

"உப்பு பட்ட கண்ணுன்னு சொல்லுதாரு. நாப்பது வருசமா உப்பு படாத கண்ணு இப்பத்தான் பட்டுதாக்கும்." அவள் சிரித்தாள். "ஒங் கண்ணு எப்டி இருக்கு?"

தொலைநோக்கி வழியாகக் கோமதியையே பார்த்துப் பார்த்து மாரிக்கு வலது கண்ணின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிலையாக ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஓட்டை. கம்பெனி டாக்டர் அதைப் பரிசோதித்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "கறை மேல இல்லம்மா, உங்க கண்ணுலதான் இருக்கு." அன்று ஒருநாள் முழுக்க மாரிக்கு அவர் சொல்வது சரியென்றே பட்டது. தன் கண்ணையே தன்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு மிசினை மாட்டியிருந்தால் பச்சைகூட எரிந்திருக்கும்.

"எக்கா, அம்பாரத்துல விழுந்ததுல கறை இருந்துச்சுல்லா? நீ பாத்தல்லா?"

"எங் கண்ணால பாத்தேன். அப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சு." குழம்பைச் சோற்றில் ஊற்றினாள். "இந்தா, தின்னு. ஏட்டி, அந்த மிசின ஏமாத்தவே முடியாதா?"

"முடியாது."

"வயித்துல ஒண்ணு வாயில ஒண்ணு வச்சுத்தான் நாங்க காலம் பூரா கங்காணிகிட்ட வேல பாத்தோம். ஒனக்கு அது வரலியே. படிச்சுக் கெட்டுப்போன." வாசல் பக்கம் ஒருதடவை திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்க எல்லாரும் ஒண்ணு சொல்லிட்டாவ. மாரி சீலோட சொல்லட்டும், கேட்டுக்கிடுதோம். குறையில்லன்னா ஷிப்டுக்குப் போறோம், குறைன்னா அடிச்சாலும் போமாட்டோம். கம்பேனிக்காரன் வேற யார் சொல்லையும் கொண்டு வராண்டாம்னுட்டாவ."

"நான் சிவப்பு வாங்குனா?"

"வீட்டக் காலி பண்ணணுமாம். லைன்ல நம்ம வீடுதான் மொதல்ல. நீ உள்ள போயிருவ. பெறவு நாங்க ஷிப்டுக்குப் போவாம என்ன செய்ய?" வாளியை மூடினாள். "அதுக்காவ நீ பொய் சொல்லுன்னு சொல்ல வரல. ஒனக்கு எது தோணுதோ, செய்யி. ஒங் குழாயையும் எடுத்துட்டுப் போயிட்டான் பாவிப்பய. அந்தக் குழாய் இருந்தாலாவது ஒண்ணு ரெண்டு பேருக்குக் காட்டலாம்."

தொலைநோக்கிக்கு அளத்தில் குழாய் என்றுதான் பெயர். வேறு பெயர் வைக்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை.

*

மூன்றாவது தடவைக்கு மேலாளர் சதானந்தமே வந்து உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சீக்கிரம் முடிங்க. சாயங்காலம் அளத்துல ஒலிபரப்பணும்," என்றார்.

கோதண்டம் பட்டையைக் கட்டினார். திரவியம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். ஐம்பது வயதிருக்கும். பேச்சில் ஆறுமுகனேரிப் பக்கத்து இழுவை இருந்தது. கம்பெனி ஆட்கள் எதிரில் அதை அடக்கிக்கொள்வார்.

"மேடம், கலிலியோவுக்கு இந்த வம்பு இல்ல பாருங்க," என்றார். "மண்டி போடச் சொன்னாங்க, போட்டார். பூமி சுத்தலன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னார். உள்ளுக்குள்ள என்ன நெனச்சார்னு எவனும் பாக்கல. எந்திரிக்கும்போது 'ஆனாலும் சுத்துது'ன்னு முணுமுணுத்தார்னு ஒரு கதைகூட இருக்கு."

"அது பின்னால கட்டுன கதைன்னு சொல்லுவாங்க."

"இருக்கட்டும். முணுமுணுக்க அவருக்கு எடம் இருந்துச்சுல்ல. ஒங்களுக்கு அதுவும் இல்ல."

"அவரையும் சும்மா விடல சார். சாகுற வரைக்கும் வீட்டுக்காவல். கடைசியில கண்ணும் போச்சு."

சொல்லிவிட்டு மாரி தன் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். திரவியம் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லுறதக் கேளுங்க," என்றார் கொஞ்சம் கழித்து. "பொய் சொன்னா மிசின் விடாது. உண்மையச் சொன்னா சார் விடமாட்டாரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிடுற மாதிரி ஒரு வார்த்த தேடணும். ஒங்க டெலஸ்கோப் இருக்கே, அதுல இருக்குற கண்ணாடி குறையே இல்லாததா?"

"குறையில்லாத கண்ணாடி உலகத்துலயே கிடையாது."

"அப்ப அதச் சொல்லுங்களேன். கலிலியோ நிலாவுல மலையிருக்குன்னு சொன்னப்ப எதிராளி என்ன சொன்னான்? வானத்துல ஒரு குறையும் இல்ல, கோளாறு உன் கண்ணாடியிலன்னு சொன்னான்."

மாரி நிமிர்ந்தாள்.

கோளாறு கண்ணாடியில. அந்தச் சொற்கள் திரவியத்தின் வாயிலிருந்து வந்தன. அவள் காதில் விழுந்தது அம்பாரத்தடியில் கத்திய அக்காவின் குரல். கண்ணாடியில பாருங்கட்டி கறைய. அளத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கண்ணாடி என்றால் மேலேதான் கை நீட்டும்.

"என் பேச்சுல சொல்லலாமா சார்?" என்றாள். "எழுதிக் குடுத்தத வாசிச்சா அளத்துல யாரும் கேக்கமாட்டாங்க."

திரவியம் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கையை வீசினார். "எப்படியோ சொல்லட்டும். பச்சை வந்தாப் போதும்."

கோதண்டம் பொத்தானை அழுத்தினார். மாரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"நான் சந்தனமாரி பேசுறேன். நான் பார்த்த கறையப் பத்தி எல்லாரும் கேக்குறீங்க. கோளாறு கண்ணாடியிலதான். சூரியனுக்கு ஒண்ணும் ஆகல, உப்பும் முந்தி இருந்த உப்புதான். கறை இருந்தது கண்ணாடியில. எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கண்ணாடி. இது என் மனசறிஞ்ச உண்மை."

பச்சை எரிந்தது. மஞ்சளைத் தொடக்கூட இல்லை. இப்படி ஒரு பச்சையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று கோதண்டம் வாய்விட்டுச் சொன்னார்.

"அப்பாடா," என்றார் சதானந்தம். "டெலஸ்கோப்தான் கோளாறுன்னு மொதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே."

மாரி விரல்களில் இருந்த கவ்விகளை உருவத் தொடங்கினாள்.

"இருங்க சார், இன்னொண்ணு பாக்கி கீது," என்றார் கோதண்டம். "வக்கீல் சாரும் பட்டை கட்டணும். சொன்னதோட அர்த்தம் புரிஞ்சு ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும். அப்பத்தான் சீல் விழும், கேசும் முடியும். அப்புறம் யாரும் வாபஸ் வாங்க முடியாது, அவங்களும் சரி, நீங்களும் சரி."

திரவியம் பட்டையைக் கையில் எடுத்தார். உடனே கட்டவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாரியை. இந்த ஆள் அவள் பேசியதை டெலஸ்கோப் என்று புரிந்துகொண்டிருந்தால் பச்சை விழும், பிழைத்தாள். சந்தேகப்பட்டால் மஞ்சள் விழும், எல்லாம் போயிற்று.

"சந்தனமாரி எந்தக் கண்ணாடியச் சொன்னாங்கன்னு எனக்கு நல்லாப் புரிஞ்சுது," என்றார் திரவியம். "புரிஞ்சுதான் ஏத்துக்கிடுதேன்."

பச்சை.

ஏத்துக்கிடுதேன். ஆறுமுகனேரி இழுவை அடங்காமல் வந்துவிட்டது. அவர் பட்டையைக் கழற்றி மடித்துக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார். எந்தக் கண்ணாடி என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

*

சாயங்காலம் மாரியை அளத்துக்குக் கம்பெனி ஜீப்பில் அழைத்துப்போனார்கள். ஆளையும் காட்ட வேண்டும் என்று சதானந்தம் சொல்லிவிட்டார்; திரவியமும் கூட வந்தார். மேற்கே சூரியன் கீழிறங்கி, முதல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலேறிக் கடந்துகொண்டிருந்தன. பாத்திகளில் வெளிச்சம் தளும்பிக்கொண்டு கிடந்தது. கோமதி வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

அம்பாரங்களுக்கு நடுவே சனங்கள் நின்றார்கள். தலைத்துண்டும் முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிய சேலையும், கால்களில் மாட்டிய ரப்பர் உறையுமாக. பாதிப் பேரின் கண்கள் வீங்கியிருந்தன. முத்துக்கனி முன்வரிசையில், ஈரத்துணியால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாருபலகையை ஊன்றி நின்றாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. முத்திரையின் மணியோசை முதலில், பிறகு மாரியின் குரல். கோளாறு கண்ணாடியிலதான். கறை இருந்தது கண்ணாடியில.

முடிந்தது. யாரும் அசையவில்லை.

மாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண்ணின் நடுவில் இருந்த புள்ளி ஒவ்வொரு முகத்தையும் விழுங்கியது. கம்பெனி வண்டியில் வந்து இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் மேலாளர். விலைபோய்விட்டாள் என்று நினைத்துவிட்டார்களோ? குழாயைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்களோ? ஒரு வார்த்தையை நம்பி இத்தனை பேர் கண்ணைப் பணயம் வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

"ஏட்டி மாரி," முத்துக்கனி சத்தமாகக் கேட்டாள். "எந்தக் கண்ணாடி?"

மாரி வாயெடுப்பதற்குள் சதானந்தம் முந்திக்கொண்டார். "அவங்க டெலஸ்கோப் கண்ணாடிம்மா. அன்னைக்கு இங்க கொண்டாந்து காட்டினாங்களே, அது."

"அது குழாய்லா?" என்றாள் முத்துக்கனி.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"குழாய்க்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கோம் நாங்க? குழாய்லன்னா குழாய்லன்னு சொல்லியிருப்பாளே. ஏட்டி, நீ சொல்லு."

"எக்கா," என்றாள் மாரி. "நம்ம அளத்துல எதக் கண்ணாடிங்கோம்?"

முத்துக்கனி துணியை எடுத்துவிட்டு அந்தக் கோடுபோன்ற கண்ணால் தங்கையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பிறகு வாருபலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டீயளா எல்லாரும்? கோளாறு கண்ணாடியிலயாம். பச்ச சீலு வேற. வாங்கட்டி, வீட்டப் பாத்துப் போவோம். அது வாரதுக்குள்ள."

சனங்கள் கலைந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வாளிகளை எடுத்துக்கொண்டு, கண் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, வரப்புமேல் வரிசையாக நடந்தார்கள்.

"என்னய்யா நடக்குது?" சதானந்தம் திரவியத்தின் கையைப் பிடித்து இழுத்தார். "அவங்க சொன்னது டெலஸ்கோப்ன்னு அறிக்கை விடு. உடனே."

"விடலாம் சார். முத்திரை வேணுமே. அதச் சொல்லி யாரு பச்ச வாங்குறது? நீங்க பட்டை கட்டிக்கிடுதீயளா?"

சதானந்தம் அவரையே பார்த்தார். "நீ என்னத்தைப் புரிஞ்சுக்கிட்டு பச்சை வாங்கின?"

"எங்கம்மாவும் அளத்துல வாருனவதான் சார்," என்றார் திரவியம். "வேலைக்குச் சேரும்போது நீங்க அதக் கேக்கல."

நாளைக்குத் திரவியத்துக்கும் வேலை இருக்காது. லைன்வீடுகளுக்கு நோட்டீஸ் வரலாம். கேஸும் வேறு பெயரில் திரும்ப வரும். மாரிக்கு அதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் முத்திரை விழுந்த சொல்லை இனி யாரும் அழிக்க முடியாது, அதைச் சொன்னவளாலும்கூட.

கிழக்கே கோமதி ஏறியது. ஆளில்லாத பாத்திகளும் அம்பாரங்களும் ஒரே வெள்ளையாகப் பளிச்சிட்டன. மாரி தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் தோளைப் பிடித்தபடி வரப்பில் இறங்கினாள்.

நாலு எட்டு நடந்ததும் முத்துக்கனி நின்று திரும்பிப் பார்த்தாள். திரவியமும் போய்விட, ஜீப்புக்குப் பக்கத்தில் சதானந்தம் தனியாக நின்றிருந்தார். தலையைக் குனிந்தபடி, வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து அவசர அவசரமாக எதையோ எடுத்து முகத்தில் மாட்டினார். பெரிய கறுப்புக் கண்ணாடி.

"எந்தக் கண்ணாடின்னு கேட்டேன்லா," என்றாள் முத்துக்கனி. "இவன்கிட்ட இன்னொண்ணு இருந்திருக்கு பாரு."